ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டால் என் வேலை என்ன?

ரெண்டாம் ஷிப்ட் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். புதுச்சேரி சேதராப்பட்டு பக்கம் ஒரு மாத்திரைக் கம்பெனி, பெயர் வேண்டாம். பதினொரு வருடம் பேக்கிங் பிரிவில் ஃபிட்டராக இருந்தேன், நாலு மாதத்துக்கு முன்னால் ஷிப்ட் இன்சார்ஜ் ஆக்கினார்கள். அதோடு தபால் வழியில் எம்.பி.ஏ.வும் சேர்ந்திருக்கிறேன். பையன் எட்டாவது படிக்கிறான், ராத்திரி இரண்டு பேரும் ஒரே மேஜையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கொட்டாவி விடுகிறோம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வியாழக்கிழமை, இரண்டாம் ஷிப்ட். ராத்திரி எட்டரை மணிக்கு முதல் லைன் பிளிஸ்டர் மிஷினில் (மாத்திரையை ஸ்ட்ரிப்பில் வைத்து ஃபாயிலால் மூடுகிற மிஷின்) சீல் சரியாக விழவில்லை. லீக் டெஸ்டுக்கு எடுத்த பத்து ஸ்ட்ரிப்பில் மூன்றில் நீலத் தண்ணீர் உள்ளே போயிருந்தது. (தெரியாதவர்களுக்கு: ஸ்ட்ரிப்பை நீலச் சாயம் கலந்த தண்ணீரில் அமுக்கி வைத்து, மேலே இருக்கிற காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, அப்புறம் துடைத்துப் பிரித்துப் பார்ப்போம். உள்ளே மாத்திரை நீலமாகியிருந்தால் சீல் ஓட்டை.) புது ஃபிட்டர் பையன் ஒருவன் ஹீட்டரைப் பார்க்கிறேன் என்றான். "நகரு தம்பி" என்று நானே உட்கார்ந்துவிட்டேன். ஒன்றரை மணி நேரம். கடைசியில் சீலிங் ரோலரில் வெப்பம் காட்டுகிற சென்சார் ஒயர் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். பத்து மணிக்கு மிஷின் ஓடிற்று. கையெல்லாம் கிரீஸ், மனசெல்லாம் சந்தோஷம்.

அந்த நேரத்தில் இரண்டாவது லைனில் பேட்ச் ஒன்பது மணிக்கே முடிந்துவிட்டது. அடுத்த பேட்ச் வேறு அளவு மாத்திரை, டை (மாத்திரை அளவுக்கான அச்சு) மாற்ற வேண்டும். டை ஸ்டோரிலேயே கிடக்கிறது. பழைய ஃபாயில் ரோல் மிஷினிலேயே தொங்குகிறது. லைன் கிளியரன்ஸ், அதாவது பழைய பேட்ச் மிச்சம் எதுவும் லைனில் இல்லை என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டிய தரப் பிரிவுப் பெண்ணிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை, அவர் கம்பெனி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டார். மூன்றாம் ஷிப்ட் ஆட்கள் பதினான்கு பேர் பத்து மணியிலிருந்து பன்னிரண்டரை வரை சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் பிளான்ட் மேனேஜர் கூப்பிட்டார். திட்டவில்லை. "நேற்று ஃபிட்டர் வேலையை அருமையாகச் செய்தாயாம். உன் வேலையை யார் செய்தது?" என்று மட்டும் கேட்டார்.

என் வேலை எது என்று எனக்கே தெரியவில்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? என் பாடப்புத்தகத்தில் முதல் அலகே 'மேலாண்மையின் பொருளும் இயல்பும்'தான். கலையா அறிவியலா, குறிக்கோள் சார்ந்தது, தொடர்ந்து நடப்பது, எங்கும் நிறைந்தது, கண்ணுக்குத் தெரியாதது என்று சாமி வர்ணனை மாதிரி ஒரு பட்டியல். மனப்பாடமாகத் தெரியும். ஆனால் வியாழக்கிழமை எட்டரை மணிக்கு நான் எங்கே நின்றிருக்க வேண்டும் என்று அதில் இல்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

டோக்கன் 47

நான் தினமும் பார்க்கிற ஒரே நிர்வாகம் சைக்கிள் ஸ்டாண்டு நிர்வாகம்தான். "வண்டியில் உள்ள பொருட்கள் தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல." ஓட்டலில் போர்டு, கல்யாண மண்டபத்தில் போர்டு, லாட்ஜில் போர்டு. நம் ஊரில் நிர்வாகம் என்றால் பொறுப்பல்ல என்று எழுதி மாட்டுகிறவர். நீங்களும் ஒரு போர்டு அடித்து லைன் இரண்டில் மாட்டிவிடுங்கள்.

பழைய பாடத்திட்டம்

ஓய்வுபெற்ற வணிகவியல் ஆசிரியன் நான், அந்த முதல் அலகை முப்பது வருடம் நடத்திய பாவம் எனக்கும் உண்டு. அந்தப் பட்டியலை விட்டுவிடுங்கள் தம்பி. அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் உங்கள் கேள்விக்குக் கிட்டத்தில் போகலாம்.

ஹென்றி ஃபயோல் என்று ஒருவர் உங்கள் புத்தகத்தில் ஒரு பெட்டிச் செய்தியாக இருப்பார். பிரெஞ்சுக்காரர், 1841இல் பிறந்தவர், படிப்பு சுரங்கப் பொறியியல். நிலக்கரிச் சுரங்கத்தில் தீ பிடித்தால் இறங்கி அணைக்கிற ஆளாகத்தான் வேலையைத் தொடங்கினார், அதாவது உங்களைப் போல ஸ்பேனர் ஆள். 1888இல் அந்தக் கம்பெனி மூழ்கிக்கொண்டிருந்தபோது அதைத் தூக்கி இவர் தலையில் கட்டினார்கள். இவர் நிமிர்த்தினார். 1916இல் தன் அனுபவத்தை எழுதினார். திட்டமிடுவது, ஆளையும் பொருளையும் அமைப்பது, ஆணையிடுவது, ஒருங்கிணைப்பது, கட்டுப்படுத்துவது என்று நாம் ஒப்பிக்கிற ஐந்தும் அவர் சொன்னவைதான். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் இது, அவரைப் பற்றி நாம் படித்ததோ இங்கிலீஷ் வழியாக வந்த நோட்ஸில். அது போகட்டும்.

அதே எழுத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது, அதைத்தான் யாரும் நடத்துவதில்லை. பெரிய தொழிற்சாலையில் எந்தப் படியில் இருப்பவருக்கு எந்தத் திறமை எவ்வளவு வேண்டும் என்று நூற்றுக்கு இவ்வளவு எனப் போட்டிருக்கிறார். அளந்து பார்த்த கணக்கு இல்லை, அவருடைய சொந்த மதிப்பீடு. சாதாரணத் தொழிலாளிக்கு 85 பங்கு தொழில்நுட்பத் திறமை, 5 பங்குதான் நிர்வாகத் திறமை. ஃபோர்மேனுக்கு 60, 15. மேலே போகப் போகத் தொழில் குறையும், நிர்வாகம் ஏறும். பல கம்பெனிகளைச் சேர்த்து நடத்துகிற தலைமைப் பொறுப்பில் தொழில் 10, நிர்வாகம் 50.

இதில் கவனிக்க வேண்டியது, உங்கள் படியில் இன்னும் 60 பங்கு தொழில்தான். ஆகவே மிஷின் தெரிந்திருப்பது குற்றம் இல்லை. சென்சார் ஒயரில் கோளாறு இருக்கலாம் என்று உங்களால் யூகிக்க முடிவது பெரிய பலம். ஆனால் அந்த 15 என்ற எண் முதல் தடவையாக உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறது. எட்டரை மணிக்கு அதை எடுத்துப் பெட்டியில் பூட்டிவிட்டீர்கள்.

நெசவாளி மகன்

ஆசிரியர் ஐயா நன்றாகச் சொன்னீர்கள், ஆனால் எனக்கு ஒரு கடுப்பு உண்டு. என் அப்பா மில்லில் வேலை பார்த்தவர். எங்கள் வீட்டில் 'மேனேஜ்மென்ட்' என்பது ஒரு செயல் இல்லை, ஒரு கூட்டம். "மேனேஜ்மென்ட் ஒத்துக்கொள்ளவில்லை", "மேனேஜ்மென்ட் பேச்சுவார்த்தைக்கு வரவில்லை." அவ்வளவுதான் அர்த்தம். அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள்.

இந்த ஊரில் 1936 ஜூலை 30 என்ன நடந்தது என்று எம்.பி.ஏ. புத்தகத்தில் இருக்காது. சவானா மில் போராட்டத்தில் பிரெஞ்சு அரசாங்கம் துப்பாக்கிச் சூடு நடத்தி 12 தொழிலாளர்கள் செத்தார்கள். எட்டு மணி நேர வேலை அதற்கு அப்புறம்தான் சட்டமாக வந்தது. அந்த எட்டு மணி நேரத்தில்தான் நீங்கள் இரண்டாம் ஷிப்ட், மூன்றாம் ஷிப்ட் என்று இன்றைக்குப் பிரித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அமெரிக்காவில் டெய்லர் என்று ஒருவர், அவரையும் ஐயா நடத்தியிருப்பார். பெத்லஹேம் இரும்பு ஆலையில் ஒரு ஆள் நாளைக்குப் பன்னிரண்டரை டன் இரும்புக்கட்டி சுமந்துகொண்டிருந்தார், டெய்லர் ஸ்டாப்வாட்ச் வைத்து, எப்போது தூக்கு, எப்போது உட்கார் என்று சொல்லிச் சொல்லி 47 டன்னுக்கு மேல் சுமக்க வைத்தார். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர் ஆனது. கணக்குப் போட்டுப் பாருங்கள் தோழர்களே, சுமை கிட்டத்தட்ட நாலு மடங்கு, கூலி ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேலே. இதற்குப் பெயர் அறிவியல் மேலாண்மை. மேல் இருந்து ஆள்வது மேலாண்மை, சொல்லிலேயே இருக்கிறது.

பழைய பாடத்திட்டம்

அந்தக் கணக்கை நானும் வகுப்பில் போட்டுக் காட்டியிருக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் 'மேலாண்மை' என்ற சொல்லைப் பிரித்து அர்த்தம் பண்ணினால் வேலைக்கு ஆகாது. நீர் மேலாண்மை என்கிறோம், தண்ணீரை யாரும் அதிகாரம் பண்ணுவதில்லை. ஏரியில் எவ்வளவு இருக்கிறது, எந்த மடையை எப்போது திறப்பது, கடைமடைக்கு எப்படிப் போய்ச் சேரும் என்று பார்ப்பதற்குத்தான் அந்தப் பெயர்.

நெசவாளி மகன்

மடையைத் திறக்கிறவன் எந்தப் பக்கத்து நிலத்துக்காரன் என்பதைப் பொறுத்தது ஐயா அது.

பழைய பாடத்திட்டம்

இது நல்ல பதில். யோசிக்கிறேன்.

பலாக்கொட்டை

நான் கவனித்தது வேறு ஒன்று. தமிழில் 'மேனேஜ் பண்ணு' என்று நாம் எப்போது சொல்கிறோம்? ஆள் இல்லை, மேனேஜ் பண்ணிக்கோ. சரக்கு வரவில்லை, மேனேஜ் பண்ணிக்கோ. சம்பளம் பத்து நாள் லேட், மேனேஜ் பண்ணிக்கோங்க சார். அதாவது மேலே இருக்கிறவர் தன் வேலையைச் செய்யவில்லை என்றால் கீழே இருக்கிறவருக்கு அந்தச் சொல் வந்துவிடுகிறது. பண்ருட்டியில் முந்திரிக் கொட்டை உடைக்கிற ஒரு யூனிட்டில் இரண்டு வருடம் கணக்கு எழுதினேன், எனக்கு நியமன ஆணையே கிடையாது, ஆனால் ஒரு நாளைக்கு இருபது தடவை மேனேஜ் பண்ணினேன்.

ரெண்டாம் ஷிப்ட்

சிரித்துவிட்டேன். எங்கள் இடத்திலும் அதே வசனம்தான்.

நெசவாளி மகன் அண்ணே, நீங்கள் சொல்வதில் எனக்குத்தான் சங்கடம். நாலு மாதத்துக்கு முன்னால் வரை கேன்டீனில் ஃபிட்டர்கள் மேஜையில் உட்கார்ந்து டீ குடித்தவன் நான். இப்போது நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. 'நீ மேனேஜ்மென்ட் ஆள் ஆகிவிட்டாய்' என்று ஒருத்தன் சொல்லியே விட்டான். சம்பளத்தில் நாலாயிரம்தான் கூடியிருக்கிறது, ஓவர்டைம் போய்விட்டது, கூட்டிக் கழித்தால் நஷ்டம். ஒருவேளை அதனால்தான் மிஷின் நின்றதும் ஓடிப்போய் உட்கார்ந்தேனோ என்னவோ. கையில் ஸ்பேனர் இருந்தால் நான் இன்னும் அவர்களில் ஒருவன்.

கம்பமேறி

தம்பி, கடைசியாக நீங்கள் எழுதிய அந்த ஒரு வரிக்காகத்தான் எழுத வந்தேன். நான் கடலூர்க்காரன், மின்வாரியத்தில் ஒயர்மேனாகச் சேர்ந்து மேலே வந்து ஓய்வு பெற்றவன். தானே புயல் நினைவிருக்கும், 2011 டிசம்பர் 30 விடியற்காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தால் கம்பம் என்று ஒன்று நிற்கவில்லை. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பும் பலாவும் வேரோடு படுத்துக் கிடந்தன, சாலை தெரியவில்லை.

முதல் இரண்டு நாள் நான் செய்தது என்ன தெரியுமா? கம்பம் ஏறினேன். ஐம்பதைத் தாண்டிய வயது, கீழே ஆட்களைப் பார்க்க வேண்டிய பதவி, ஆனாலும் ஏறினேன். ஜனங்கள் பார்த்து "ஐயாவே ஏறுகிறார்" என்று தண்ணீர், மோர் கொடுத்தார்கள். எனக்கும் பெருமை. மூன்றாவது நாள் வெளிமாவட்டங்களிலிருந்து ஆட்கள் வந்து இறங்கினார்கள். கெட்டிக்காரர்கள், மலை ஊரில் வேலை பார்த்தவர்கள்கூட இருந்தார்கள். ஆனால் எங்கள் ஊரில் லைன் எந்த வாய்க்காலைத் தாண்டி எந்தத் தோப்புக்குள் போகிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? கம்பமே இல்லாத இடத்தில் எதைப் பார்த்துக்கொண்டு போவது? ஒரு குழு காலையிலிருந்து மதியம் வரை லாரியிலேயே சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது. இன்னொரு குழு சரியான இடத்துக்குப் போனது, கம்பமும் போனது, இன்சுலேட்டரும் போல்ட்டும் வேறு ஊருக்குப் போய்விட்டன. அனுப்பியது நான்தான், ஏறுகிற அவசரத்தில் சீட்டில் ஊர்ப்பெயரை மாற்றி எழுதியிருந்தேன். அவர்கள் வெறும் கம்பத்தை நட்டுவிட்டு அதன் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள்.

அன்று ராத்திரி பெல்ட்டைக் கழற்றி ஜீப்புக்குள் போட்டேன். மறுநாளிலிருந்து என் வேலை இவ்வளவுதான். ஒவ்வொரு வெளியூர்க் குழுவோடும் அந்த ஏரியா தெரிந்த உள்ளூர் ஆள் ஒருவரைச் சேர்த்து அனுப்புவது. அவர் கம்பம் ஏறக் கூடாது, வழி காட்ட வேண்டும், எந்தத் தோப்புக்காரர் மரம் வெட்ட விடுவார், யார் சண்டைக்கு வருவார் என்று சொல்ல வேண்டும். எந்த லைன் முதலில் என்று முடிவு பண்ணுவது. ஆஸ்பத்திரி, குடிதண்ணீர் மோட்டார், அப்புறம்தான் தெரு. இத்தனை பேர் ராத்திரி எங்கே படுப்பார்கள், யார் சோறு போடுவார்கள். இதில் கடைசி விஷயம்தான் பாதி நாளைத் தின்றது. சோறு நேரத்துக்குப் போனால் அந்தக் குழு இருட்டும் வரை வேலை பார்க்கும், போகாவிட்டால் நாலு மணிக்கே கையைக் கழுவிவிடும்.

நான் ஏறாத அந்த நாட்களில்தான் கம்பங்கள் வரிசையாக எழுந்தன. ஆனால் ஒரு ஜனம் எனக்கு மோர் கொடுக்கவில்லை. "இவர் சும்மா போனில் பேசிக்கொண்டு திரிகிறார்" என்றார்கள். இது வலிக்கும் தம்பி. ஒரு நாளில் நீங்கள் செய்ததைக் கையில் எடுத்து யாரிடமும் காட்ட முடியாது.

நெசவாளி மகன்

கம்பமேறி ஐயா, இப்படிப்பட்ட மேனேஜ்மென்ட் என்றால் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஒன்று சொல்லுங்கள், அந்த உள்ளூர் ஒயர்மேன் இல்லாமல் உங்களால் என்ன பண்ணியிருக்க முடியும்?

கம்பமேறி

ஒன்றும் முடியாது. எந்த லைன் முதலில் என்றுகூடப் பாதி அவர்கள் சொன்னதுதான். நான் செய்தது கேட்டதும், கேட்டதைச் சீட்டில் எழுதியதும்.

தாழங்குடா பையன்

அண்ணே, எங்கள் வீட்டில் ஃபைபர் போட் இருக்கிறது. கடலுக்குப் போனால் மேனேஜர் என்று யாரும் கிடையாது, எல்லாருக்கும் பங்கு. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்து மிச்சத்தில் போட்டுக்கும் இன்ஜினுக்கும் வலைக்கும் ஒதுக்கிவிட்டு ஆளுக்கு இவ்வளவு. ஆனால் வலை இழுக்கும்போது பார்த்திருக்கிறேன், பின்னால் இன்ஜின் பிடிக்கிறவர் இழுக்க வர மாட்டார். எவ்வளவு கனமாக இருந்தாலும் சரி. சின்ன வயதில் எனக்கு அவர்மேல் கோபமாக வரும், கை உரிகிறது, மனுசன் சும்மா நிற்கிறாரே என்று. ஒரு நாள் வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். "எல்லாரும் குனிஞ்சிட்டா அலையை யார்டா பார்க்கிறது" என்றார். அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தேன், நிஜமாகவே ஒன்று எழும்பி வந்துகொண்டிருந்தது, அவர் போட்டின் முகத்தை ஏற்கெனவே அதற்கு நேராகத் திருப்பி வைத்திருந்தார்.

உங்கள் இரண்டாவது லைன் அந்த அலை மாதிரிதான் படுகிறது அண்ணே.

இன்னொன்று. அவருக்கும் எங்களுக்கும் பங்கில் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால்தான் அவர் நிற்பதை நாங்கள் பொறுத்துக்கொள்கிறோம் என்று நினைக்கிறேன். கம்பெனியில் அது எப்படியோ தெரியவில்லை.

டோக்கன் 47

தாழங்குடா பையன் இந்த இழையை மூடிவிட்டார் போலிருக்கிறதே.

வார்டு நம்பர் 3

மூட வேண்டாம், நான் டூட்டி முடித்து இப்போதுதான் உட்காருகிறேன். புதுச்சேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வார்டு இன்சார்ஜ். இதுவரை பேசிய எல்லாரும் ஆண்கள், எல்லாரும் ஏதோ ஒரு பெரிய நாளைப் பற்றிப் பேசுகிறீர்கள், புயல், அலை, மிஷின் நின்றது. என் வேலையில் பெரிய நாள் என்பதே கிடையாது. காலை ஏழரைக்கு உள்ளே போனதிலிருந்து துண்டு துண்டு. லினன் வரவில்லை, ஒருத்திக்குக் காய்ச்சல், அட்டெண்டர் கத்துகிறார், ஆறாம் படுக்கைப் பாட்டி ஊசி வேண்டாம் என்று அழுகிறார், பில்லிங்கில் கூப்பிடுகிறார்கள். ஆசிரியர் சொன்ன 'திட்டமிடுவது' எல்லாம் எனக்கு லிஃப்டில் போகும்போதுதான்.

முன்பெல்லாம் இது என் குறை என்று நினைப்பேன், எனக்கு ஒழுங்காக மேனேஜ் பண்ணத் தெரியவில்லை என்று. அப்புறம் ஒரு பயிற்சி வகுப்பில் மின்ட்ஸ்பெர்க் என்பவரைப் பற்றிச் சொன்னார்கள். கனடாக்காரர், ஐந்து கம்பெனித் தலைவர்களை ஆளுக்கு ஒரு வாரம் பக்கத்திலேயே இருந்து பார்த்து, என்ன செய்கிறார்கள் என்று குறித்துவைத்து 1973இல் எழுதினார். அவ்வளவு பெரிய ஆட்களின் வேலைகளிலும் பாதி ஒன்பது நிமிடத்துக்கு மேல் நீடிக்கவில்லை. உட்கார்ந்து யோசிக்கிறவர்கள் என்று நாம் நினைக்கிற ஆட்கள். எனக்கு உயிர் வந்தது. துண்டு துண்டாக இருப்பது வேலைக்கு நடுவில் வருகிற தொந்தரவு இல்லை, வேலையே அதுதான் என்று பட்டது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். போன தை மாதம். இரண்டு ஸ்டாஃப் நர்ஸ், இரண்டு பேரும் பொங்கலுக்கு லீவு கேட்டு நிற்கிறார்கள், ஒருவரைத்தான் விட முடியும். வழக்கமாக என்ன செய்வோம், ஆளுக்குப் பாதிப் பாதி, அல்லது சீனியருக்குக் கொடுத்துவிட்டு இன்னொருத்தியின் முறைப்பை ஒரு மாதம் தாங்குவோம். எனக்கு அன்றைக்கு என்ன தோன்றியதோ, "பொங்கலுக்கு என்ன விசேஷம்" என்று இரண்டு பேரையும் தனித்தனியாகக் கேட்டேன். ஒருத்திக்குத் தலைப்பொங்கல், முதல் நாள் மாமியார் வீட்டில் இருந்தே ஆக வேண்டும். இன்னொருத்தி நம் கடலூர்ப் பக்கம், அவளுக்குப் பொங்கலைவிட தை 5 ஆற்றுத் திருவிழாதான் முக்கியம், பெண்ணையாற்றுக்கு ஊரே போகும், குழந்தையைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். இரண்டும் வேறு வேறு நாள்! இரண்டு பேரும் "பொங்கல் லீவு" என்று ஒரே பெயரில் கேட்டதால் சண்டை மாதிரி தெரிந்தது. சீட்டில் நாளைக்கூடச் சரியாகப் பார்க்காமல் ஒரு வாரம் மூளையைக் குழப்பிக்கொண்டேன்.

மேரி பார்க்கர் ஃபாலெட் என்று ஒரு அம்மா 1920களிலேயே இதைப் பேசியிருக்கிறார். நூலகத்தில் ஒருவர் ஜன்னலைத் திற என்கிறார், இந்த அம்மா மூட வேண்டும் என்கிறார். கடைசியில் பக்கத்து அறை ஜன்னலைத் திறக்கிறார்கள். ஏனென்றால் ஒருவருக்கு வேண்டியது காற்று, இந்த அம்மாவுக்கு வேண்டாதது நேரே முகத்தில் அடிக்கிற வாடைக்காற்று. யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆண்கள் எழுதிய பாடப்புத்தகங்களில் இந்த அம்மா ரொம்ப நாள் காணாமல் போயிருந்தார், ஆசிரியர் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது.

பழைய பாடத்திட்டம்

கோபம் இல்லை அம்மா. ஒரு பாராவில் முடித்திருக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன்.

நெசவாளி மகன்

அக்கா, ஒரே ஒரு கேள்வி. இரண்டு பேருக்கும் ஒரே நாள்தான் வேண்டும் என்று இருந்திருந்தால்? எல்லா சண்டைக்கும் பக்கத்து அறை ஜன்னல் இருக்காதே. கூலி உயர்வு கேட்கிறவனிடம் "உனக்கு நிஜமாக என்ன வேண்டும்" என்று கேட்டால் அவனுக்கு நிஜமாகக் கூலி உயர்வுதான் வேண்டும்.

வார்டு நம்பர் 3

உண்மை. அப்போது முடிவு பண்ணித்தான் ஆக வேண்டும், பண்ணியவள் திட்டு வாங்கித்தான் ஆக வேண்டும். வார்டில் ஆள் பற்றாக்குறை என்றால் நான் எவ்வளவு இனிமையாகக் கேட்டாலும் ஆள் முளைக்காது. அதற்கு மேலே போய்ச் சண்டை போட வேண்டும், வருடத்துக்கு நாலு தடவை போடுகிறேன், ஒரு தடவை ஜெயிக்கிறேன்.

திண்ணைக் குறள்

இவ்வளவு வெளிநாட்டு ஆட்கள் எதற்கு? "இதனை இதனால் இவன்முடிக்கும் என்றாய்ந்து அதனை அவன்கண் விடல்." 517ஆவது குறள். முடிந்தது.

பலாக்கொட்டை

வந்துவிட்டது. நானும் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கள் முந்திரி யூனிட் முதலாளி மேஜைக்குப் பின்னாலும் இதே குறள் சட்டம் போட்டு மாட்டியிருந்தது, மனுசன் பென்சில் வாங்கக்கூட யாரையும் விடமாட்டார்.

கம்பமேறி

கிண்டல் பண்ணாதீர்கள், அதில் விஷயம் இருக்கிறது. ஆராய்ச்சி பண்ணுவதெல்லாம் சுலபம், கடைசிச் சொல்லைப் பாருங்கள், 'விடல்'. விட்டுவிட வேண்டும். எனக்கு அது வர இருபது வருடம் ஆயிற்று. அந்தப் புது ஃபிட்டர் பையனிடம் ரெண்டாம் ஷிப்ட் தம்பி விடவில்லையே, "நகரு" என்று சொன்னாரே. அவன் ஒயரைக் கண்டுபிடித்திருப்பானா மாட்டானா என்று இனி யாருக்கும் தெரியாது. அடுத்த தடவையும் உங்களைத்தான் கூப்பிடுவான்.

ரெண்டாம் ஷிப்ட்

இரண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். பரீட்சை வேறு நடுவில் வந்துவிட்டது. 'மேலாண்மையின் இயல்பை விளக்குக' கேள்வி வந்தது, எங்கும் நிறைந்தது, கண்ணுக்குத் தெரியாதது எல்லாம் எழுதிவிட்டு, தாள் மிச்சம் இருந்ததால் இன்ஜின் பிடிக்கிறவர் வலை இழுக்காததையும் சேர்த்து எழுதினேன். மார்க் வருமா தெரியாது.

போன செவ்வாய்க்கிழமை அதே மிஷின், அதே கோளாறு. இந்தத் தடவை ஒன்பது மணிக்கு. அந்தப் பையன் என் முகத்தைப் பார்க்கிறான். எனக்கு என்ன கோளாறு என்று சத்தத்திலேயே பாதி தெரிந்துவிட்டது, நாக்கு நுனியில் இருக்கிறது. "என்ன பார்க்கப் போகிறாய்" என்று மட்டும் கேட்டேன். ஹீட்டர் என்றான். தப்பு. சரி பார், இருபது நிமிடத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டேன். இந்த இருபது நிமிடம் நான் பட்ட பாடு, பிரசவ வார்டுக்கு வெளியே நின்றபோதுகூடப் பட்டதில்லை. கையைச் சும்மா வைத்துக்கொள்ளத் தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டேன், எனக்கே ஹெட்மாஸ்டர் மாதிரி தெரிந்தது.

இரண்டாவது லைனுக்குப் போனேன். பேட்ச் முடிய அரை மணி இருந்தது. ஸ்டோரில் கேட்டால் டை வந்திருக்கிறது, ஆனால் கழுவவில்லை, கழுவினதுக்குச் சீட்டும் ஒட்டவில்லை. ஆளைப் பிடித்துக் கழுவ வைத்தேன். தரப் பிரிவுப் பெண்ணிடம் ஒன்பதே முக்காலுக்கு வந்துவிடுங்கள் அம்மா, பஸ் போய்விட்டால் நான் வண்டி ஏற்பாடு பண்ணுகிறேன் என்றேன். "இதை முன்னாடியே யாராவது சொன்னால் நான் ஏன் போகிறேன்" என்றார். பத்து மணிக்கு மூன்றாம் ஷிப்ட் வந்தபோது பழைய ஃபாயில் இறங்கி, டை ஏறி, கையெழுத்து ஆகி, லைன் காத்துக்கொண்டிருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. நேராக வந்து ஓட்ட ஆரம்பித்தார்கள். கம்பமேறி ஐயா சொன்ன மோர் விஷயம் அப்போது நினைவு வந்தது.

பையனுக்கு ஒரு மணி பத்து நிமிடம் ஆயிற்று. நான் உட்கார்ந்திருந்தால், போன தடவை கற்றுக்கொண்டதால், பத்து நிமிடம். முதலில் ஹீட்டரைக் கழற்றிப் பார்த்து, அப்புறம் ஃபாயில் ரோலை மாற்றிப் பார்த்து, மூன்றாவதாகத்தான் சென்சாருக்கு வந்தான். ஆனால் ஒன்று, நான் அன்றைக்கு ஒயரை முறுக்கி இறுக்கிவிட்டு வந்ததோடு சரி. அவன் அந்த ஒயர் ஏன் தளர்கிறது என்று கீழே குனிந்து பார்த்திருக்கிறான். கிளாம்ப் ஒன்று உடைந்து, மிஷின் அதிர அதிர ஒயர் ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. கிளாம்ப்பை மாற்றினான். பதினொரு வருடம் அந்த மிஷினோடு இருந்த நான் அதைப் பார்க்கவில்லை.

கதை சுபம் இல்லை, அவசரப்படாதீர்கள். நேற்று பிளான்ட் மேனேஜர் மாதக் கணக்கோடு வந்தார், 'பிரேக்டவுன் நேரம் கூடியிருக்கிறதே, முன்பு நீயே சீக்கிரம் சரிபண்ணிவிடுவாயே' என்கிறார். அதே மனிதர்தான்! மூன்றாம் ஷிப்ட் சரியான நேரத்துக்குத் தொடங்கியது எந்தக் கட்டத்திலும் ஏறவில்லை, அதற்குக் கட்டமே இல்லை. நானே ஒரு நோட்டில் எழுதி வைக்க ஆரம்பித்திருக்கிறேன், லைன் எத்தனை மணிக்குக் கைமாறியது என்று. மூன்று மாதம் போகட்டும், அவர் மேஜையில் வைக்கிறேன்.

நெசவாளி மகன்

நோட்டில் எழுதும்போது கிளாம்ப்பைக் கண்டுபிடித்தது யார் என்றும் எழுதுங்கள் தோழர். பெயரோடு.

ரெண்டாம் ஷிப்ட்

எழுதிவிட்டேன் அண்ணே. அன்றைக்கே. கேன்டீனில் அவனே டீ வாங்கிக்கொண்டு வந்து என் மேஜையில் உட்கார்ந்தான். பத்தாம் நம்பர் ஸ்பேனர் மட்டும் இன்னும் என் பேன்ட் பாக்கெட்டில்தான் இருக்கிறது, வைக்க மனசு வரவில்லை. வீட்டில் துவைக்கப் போடும்போது திட்டு விழுகிறது.

டோக்கன் 47

பாக்கெட்டில் உள்ள பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.